மகள் தட்டிய மேளம்

என் மகளுக்கு நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனி ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் எல்லாமே ஜாப் ஒர்க்தான். துணி பின்ன ஓரிடம், சாயமேற்ற ஓரிடம், தைக்க ஓரிடம் என்று கொடுத்துவிட்டு, முடிந்து வருவதை வாங்கிக்கொள்வோம். பட்டப்படிப்பெல்லாம் முடித்த நான், மகளையும் அப்படித்தான், பேச்சு வராத பிள்ளைகளுக்கு இசையால் பயிற்சி தரும் ஒரு டீச்சரிடம் கொடுத்தேன். எழுதவே கூசுகிறது.

மனைவி அவளோடு உள்ளே போவாள். நான் காரில் உட்கார்ந்து போன் பேசுவேன். ஒருநாள் டீச்சரே வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"அப்பாவும் உள்ள வரோணுங்க. பாப்பா எங்கூட இருக்கறது கொஞ்ச நேரந்தானுங்க. மிச்ச நேரமெல்லாம் உங்க ஊட்லதான இருக்கறா?"

"நமக்குப் பாட்டெல்லாம் வராதுங்க."

"பாட வேண்டாங்க. காத்திருந்தாப் போதும்."

இவ்வளவுதானே என்று போனேன். தரையில் சின்ன மேளம் ஒன்றைச் சுற்றி உட்கார்ந்தோம். டீச்சர் பாட்டை நடுவில் நிறுத்துவார். அந்த இடத்தில் முறைவைத்து ஆளுக்கொரு தட்டு. மனைவி தட்டினாள், நான் தட்டினேன்; டீச்சர் கைதட்டினார். மகளின் முறை வந்தபோது அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு அப்படியே நின்றிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, அவளுக்கும் சேர்த்து நானே தட்டிவிட்டேன். மறுபடி முறை வந்தபோது அவள் கையைப் பிடித்து மேளத்தில் அடித்தேன். வீறிட்டு அழுதாள்.

காரில் மனைவி சொன்னாள்: "சரக்கு வாங்கற பையர் வந்தா மட்டும் நாள் முழுக்கப் பல்லைக் காட்டிட்டு உக்காந்திருக்கறீங்க. புள்ளைக்கு ஒரு நிமிசம் ஆகாதுங்களா?"



அடுத்த வகுப்பிலிருந்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. அப்படி ஒருநாள், பாட்டு நின்றது. என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஏதோ அவசரம், தெரியும். எடுக்கவில்லை.

மகள் கையைத் தூக்கினாள். தட்டினாள்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் அதோடு நிற்கவில்லை. தவழ்ந்து வந்து, என் தொடைக்கடியிலிருந்து கையை இழுத்தெடுத்து மேளத்தின்மேல் வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அதுவரை அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. தட்டினேன். அறையே அதிர்ந்தது. "அடிங்க, இன்னும் அடிங்க!" என்று மனைவி கத்தினாள். கம்பெனியின் முதல் சரக்கு கப்பலேறிய அன்றுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

மகளும் சிரித்தாள். பிறகு, டீச்சர் எங்களுக்குச் செய்வதுபோல, எனக்குக் கைதட்டினாள். அந்த வகுப்பு தனக்காக நடக்கிறது என்பது அவளுக்குப் புரியவேயில்லை. காத்திருக்கத் தெரியாத அப்பாவைப் பழக்கத்தான் அம்மாவும் டீச்சரும் இத்தனை நாள் பாடுபடுகிறார்கள் என்று நினைத்திருந்தாள் போல.