பச்சைக்கு ஐந்து போதாது

செங்குட்டுவன் சுரங்கத்தில் பெல்ட் ஒட்டுகிறவன். நிலக்கரி ஓடும் பெல்ட் அறுந்தால் இரு முனைகளையும் படிப்படியாகச் சீவி, பசை தடவி, சூட்டில் அழுத்தி ஒன்றாக்குவான். பன்னிரண்டு வருடமாகக் காண்ட்ராக்ட்தான். அவன் ஒட்டிய இடம் மறுபடி விட்டதாகப் பேச்சில்லை. ஆனாலும் எந்த பெல்ட்டிலும் ஒட்டுதான் முதலில் போகும் என்று அவனுக்குத் தெரியும். அதனாலேயே ஞாயிறு ஆடும் தன் சீட்டுக்கட்டில் இன்னொரு நிறத்தை ஒட்டவே இல்லை. அறுபது சீட்டும் நீலம்.

மந்தாரக்குப்பத்தில் சுதாகரின் ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிறுதோறும் எட்டுப் பேர் ஆடுவார்கள். மந்திரவாதிகளும் பூதங்களும் அச்சடித்த சீட்டுகள். எதை இறக்குவதானாலும் அதே நிறத்து லேண்ட், அதாவது நிலச் சீட்டு, முன்பே இறங்கியிருக்க வேண்டும். செங்குட்டுவனின் கட்டில் இரண்டு சீட்டுகள் ஜோடி சேர்ந்துவிட்டால் எதிராளி அத்தோடு காலி. அந்த ஜோடி அவன் கண்டுபிடித்தது. நான்கு வருடம் அவனை யாரும் அசைக்கவில்லை.

பிறகு, டவுன்ஷிப்பில் டியூஷன் எடுக்கும் பவித்ரா வந்தாள். ஆறு மாதம் அவனிடம் தோற்றுத் தோற்றே அந்த ஜோடியைப் பிடித்துக்கொண்டாள். கூடவே பச்சையைச் சேர்த்தாள். ஜோடியில் எது வரவில்லையோ அதைக் கட்டுக்குள் தேடி எடுத்துத் தரும் பச்சைச் சீட்டுகள். அவன் வருமா வருமா என்று காத்துக்கிடந்ததை அவள் தேடி எடுத்துக்கொண்டாள். பாண்டிச்சேரிப் போட்டிக்குக் கடை சார்பில் ஒருவர்தான் போகலாம். அவனைத் தோற்கடித்து அந்த இடத்தை அவள் பிடித்தாள்.

“நீ கோடு போட்ட, அவ ரோடே போட்டுட்டா பாரு, குட்டு,” என்றார் சுதாகர்.

அவனும் சிரித்து வைத்தான். வீட்டில் சோறு இறங்கவில்லை. யாருக்கும் சொல்லாமல், நீலம் பச்சை இரண்டுக்கும் ஆகிற லேண்ட் நான்கைத் தபாலில் வரவழைத்தான். அவற்றைத் தன் கட்டில் சேர்க்கும் முன், அவள் கட்டைப் போலவே ஒன்றை அடுக்கி ஐம்பது முறை கலைத்துப் பார்த்தான். அதில் பச்சைக்கு ஐந்தே லேண்ட். பத்துக்கு நான்கு தடவை பச்சைச் சீட்டு கையிலேயே முடங்கியது. இத்தனை நாள் அதிர்ஷ்டத்தில் தப்பியிருக்கிறாள்.

போட்டிக்கு முந்தின வாரம் அவளே வந்து கட்டை நீட்டினாள். “அண்ணா, உங்க கண்ணுக்குத் தப்பாது. ஒரு தடவ பாத்துடுங்களேன்.”

பார்த்தான். ஐந்துதான்.

“நல்லாத்தான் இருக்குது,” என்றான்.

பாண்டிச்சேரியில் இரண்டாவது சுற்றிலேயே தோற்றாள். அடுத்த ஞாயிறு மாடியில் உட்கார்ந்து பச்சைச் சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள்.

“பேராசைண்ணா. உங்கள மாதிரி ஒரே கலர்ல ஆடியிருக்கணும். நீங்க பாத்துக் குடுத்தும் கெடுத்துட்டேன்.”

இந்த வார்த்தைக்குத்தான் அவன் ஏங்கியிருந்தான். வந்தது, ஆனால் இனிக்கவில்லை. பையைத் திறந்து நான்கு சீட்டுகளை எடுத்து வைத்தான்.

“பச்சைய எடுக்காத. லேண்டுதான் பத்தல. இத சேத்துக்க.”

அவள் திருப்பிப் பார்த்தாள். “ரெண்டு கலர் லேண்டு. உங்களுக்கு எதுக்குண்ணா இது?”

அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

“எப்பத்துலேருந்து தெரியும்?”

“நீ போறதுக்கு முன்னாடியே.”

“தோக்கட்டும்னு கம்முனு இருந்துட்டீங்க.”

“ஆமா.”

பவித்ரா உருவிய சீட்டுகளை மறுபடி செருகினாள். அந்த நான்கையும் சேர்த்துப் படபடவென்று கலைத்தாள். “உக்காருங்க.”

அவள் முறை மூன்றாவது தடவை வந்தபோதே பச்சை இறங்கியது. ஜோடி சேர்ந்தது. ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது.

“இன்னொரு ஆட்டம்,” என்றான்.