வெல்டர் மகளை உட்கார வைத்தவள்

கல்லூரியில் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் கொடிக்கம்பம். வகுப்பில் அவள் எழுந்து நின்றால் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கேலி செய்வார்கள். "இவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஏணி வச்சுத்தான் ஏறணும்" என்று அம்மா புலம்புவாள். கூடைப்பந்து மைதானத்தில் மட்டும் அந்த உயரத்துக்கு மரியாதை இருந்தது. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை வேறு யாரும் தொட முடியாது. சின்ன ஊர், வெடிப்பு விட்ட சிமெண்ட் தரை, மொட்டைத்தலை மாதிரி வழவழத்துப்போன பந்து. அதில் பழகியே பெரிய ஊர்க் கல்லூரிகளுக்கெல்லாம் தண்ணி காட்டினாள்.

கடைசி வருடம், இறுதிப் போட்டிக்குச் சற்று முன்பு முழங்கால் வீங்கியது. பயிற்சியாளர் தனக்குத் தெரிந்த டாக்டரை அழைத்து வந்து, உடை மாற்றும் அறையிலேயே ஊசி போட வைத்தார்.

"ஒரே ஒரு ஆட்டம்மா. அப்புறம் எவ்வளவு வேணா ஓய்வெடுத்துக்க."

அவர் வாக்கு பலித்தது. கோப்பை கல்லூரிக்கு வந்தது. அவள் மூட்டுக்குள் ஜவ்வு கிழிந்தது. ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பிறகு சுத்தமாக மறந்தது. இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்க முடிந்தது. ஓட முடியவில்லை.

அந்தப் பயிற்சியாளர் ஓய்வு பெற்றபோது அவர் வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் தோளுக்குத்தான் வருவார். "உன்கிட்ட சண்டை போடணும்னாக்கூட முதல்ல உன்னை உட்காரச் சொல்லணும்" என்பார். சிரிப்பாள். மைதானத்தில் மட்டும் சிரிக்க மாட்டாள். எந்தப் பெண் எப்படிக் குதிக்கிறாள், எந்தக் காலில் இறங்குகிறாள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். "மேடம் நம்ம மூஞ்சியை மறந்துடுவாங்க, முட்டியை மறக்க மாட்டாங்க" என்று பெண்கள் முணுமுணுப்பார்கள்.

வருடங்கள் போயின. ஒருநாள் வெல்டிங் பட்டறைக்காரரின் மகள் அணியில் சேர்ந்தாள். குள்ளம்தான். ஆனால் பந்தோடு கிளம்பினால் அவளைத் தடுப்பது காற்றைப் பிடிக்கிற கதை. அந்தப் பெண்ணாலேயே கல்லூரி மறுபடியும் இறுதிப் போட்டிக்கு வந்தது. தலைநகரத்து அணியின் தேர்வாளர் அவளைப் பார்க்கவே வருகிறார் என்ற செய்தியும் வந்தது.

ஆனால் அந்த அரையிறுதியின் கடைசி நிமிடத்தில்தான் அவள் கால் பிசகி இறங்கியிருந்தாள். முழங்கால் புடைத்தது. கொடிக்கம்பம் பெருவிரலால் மூட்டின் ஓரத்தை அழுத்தினாள். பெண்ணின் முகம் அசையவில்லை. கால்விரல்கள் மட்டும் சுருண்டன.

"வலிக்கல மேடம். சத்தியமா வலிக்கல."

"நானும் இப்படித்தான் சொன்னேன்."

கல்லூரி முதல்வர் கொடிக்கம்பத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு ஊசி போட்டா வேலை முடிஞ்சுது. நீங்களே அப்படி ஆடி ஜெயிச்சவங்கதானே?"

"அதனாலதான் சார் வேண்டாங்கிறேன்."

மறுநாள் இறுதிப் போட்டியில் வெல்டர் மகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்தாள். அணி மண்ணைக் கவ்வியது. தேர்வாளர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

திரும்பி வரும் பேருந்தில் திடீரென்று அந்தப் பெண் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"உங்களுக்குக் கிடைக்காதது எனக்கும் கிடைக்கக் கூடாது. அதானே மேடம்?"

கொடிக்கம்பம் அவள் ஊன்றியிருந்த காலைத்தான் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து வெல்டர் கல்லூரி வாசலில் வந்து நின்றார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து கொடிக்கம்பம் வேகமாக நடந்து போனாள்.

"ஸ்கேன் எடுத்தோம்மா. வெறும் வீக்கமாம், ஜவ்வுக்கு ஒண்ணும் இல்லையாம். அவ கால், அவ வாழ்க்கை. முடிவு பண்ண நீங்க யாரும்மா?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்தப் பெண் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள். அடுத்த வருடம் அங்கே அதே முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு இறுதிப் போட்டியில் ஆடினாள் என்று கேள்வி. தலைநகரத்து அணியில் இடம் கிடைத்தது. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்கே முதல்வர் அணியைக் கலைத்தார். வளையங்களைக் கழற்றிவிட்டு மைதானத்தில் கார்களை நிறுத்தினார்கள். கொடிக்கம்பத்துக்கு அலுவலகத்தில் ஒரு மேசை. வருகிறவர்களுக்கு எந்த அறை எங்கே என்று கை காட்டும் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைக்காட்சியில் வெல்டர் மகளின் ஆட்டம். தொடங்கும் முன்பு மைக்கை நீட்டினார்கள். உங்களை உருவாக்கியது யார் என்று கேட்டார்கள்.

"எங்க ஊர்ல சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல. நானாத்தான் கத்துக்கிட்டேன்."

கணவர் ரிமோட்டைத் தேடினார். "இருக்கட்டும், விடுங்க" என்றாள்.

தேடுவதை விட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீ செஞ்சது தப்பில்லம்மா."

"தப்பில்லைங்க. ஆனா அன்னைக்கு அவ முட்டியை நினைச்சு உட்கார வச்சேனா, என் முட்டியை நினைச்சு உட்கார வச்சேனா? எனக்கே தெரியல."

திரையில் வெல்டர் மகள் எகிறிக் குதித்தாள். யாரோ இடிக்க, ஒற்றைக் காலில் இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். கொடிக்கம்பம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். நெஞ்சுக்குள் 'பார்த்தியா!' என்று ஏதோ ஒன்று துள்ளியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அந்தப் பெண் எழுந்து, காலை ஒரு உதறு உதறிவிட்டு ஓடினாள்.

"அணைங்க" என்றாள் கொடிக்கம்பம். கணவரின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போனாள்.