சால்வியாவுக்கு வேண்டிய இருபத்துநாலு டிகிரி

1984 செப்டம்பர் 8, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு டீ ஃபேக்டரியில் சங்கு ஊதியது. அப்பா கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் வராந்தாத் தூணில் தொங்கிய தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் 17 என்று எழுதினேன். மரச்சட்டம் உடைந்ததென்று ஃபேக்டரியில் கழித்துப்போட்ட அதை அப்பா எனக்காக எடுத்து வந்திருந்தார். பத்து மணிவரை பனி விலகவில்லை. அதன்பின் பால் வாங்கி வந்தேன், வாய்ப்பாடு எழுதினேன். அன்று கூடுதலாக ஒரே ஒரு காரியம்தான்: குன்னூரிலிருந்து சித்தப்பா அனுப்பியிருந்த சால்வியா பூச்செடி விதைப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா மணிமுத்தாற்றுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் டீ மேக்கர்; ஃபேக்டரியில் தேயிலை பதப்படுத்துவது அவர் பொறுப்பு. அம்மாவுக்கு ஊர் சேரன்மகாதேவி. வாய்க்கால் தண்ணீரில் எதை ஊன்றினாலும் முளைக்கும் ஊரிலிருந்து வந்தவர், மலையில் நான்கு வருடமாக எதை விதைத்தும் பலன் கண்டதில்லை. வெண்டை அழுகியது. கனகாம்பரம் கருகியது. அடுத்த வீடு ஹெட் கிளார்க் வீடு. அந்த வீட்டு அத்தையின் டேலியாக்களுக்கோ வருடம் தவறாமல் கோப்பை. டிசம்பரில் எஸ்டேட் மேனேஜரின் மனைவி துரையம்மா ஒவ்வொரு வீட்டுத் தோட்டமாகப் பார்த்துக் கொடுப்பது அது.

பொட்டலத்தைப் பிரிக்கும்போதே அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டார்: “இந்தத் தடவையும் மொளைக்கலன்னா, அரைப்பரீட்ச முடிஞ்சதும் பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருதேன். இந்தக் குளிருல எதுவும் வேர் பிடிக்காது. நானும்தான்.”

அப்பா பாதி விதையை மட்டும் தன் பங்காகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவரும் நெல் விதைத்த வீட்டுப் பிள்ளை. விதை என்றால் இராத்திரி முழுக்க ஊறவைத்து, மூட்டை கட்டி, இருட்டில் வைத்து, மேலே பாரம் ஏற்ற வேண்டும். முளை கட்டாத விதையை மண்ணில் போடுவது சோம்பேறிகள் வேலை என்று எனக்கு விளக்கினார். சால்வியா விதையைத் துணியில் கட்டி அம்மிக்குழவியின் கீழ் வைத்தார். மறுநாள் அவிழ்த்தபோது, சர்பத்தில் போடும் சப்ஜா விதைபோல ஒவ்வொன்றும் வழவழப்பாக உப்பி, எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாகத் துணியில் ஒட்டியிருந்தன. அப்பா அதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, ஃபேக்டரிக்கு நேரமாகிவிட்டது என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

மீதிப் பாதியை அம்மா பிஸ்கட் தகரத்தின் மூடியில் மண் பரப்பித் தூவியிருந்தார். மேலே மண் மூடவில்லை; வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் என்று சித்தப்பா எழுதியிருந்தார். பன்னிரண்டு நாளாகியும் ஒன்றும் தெரியவில்லை. அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் பார்ப்பார். பன்னிரண்டாம் நாள் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

“வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்துதியே, மண்ணு பூக்குமாட்டி?”

அம்மா தகர மூடியை எடுத்து மண்ணைக் கொட்டப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாரம் தவணை கேட்டேன். ஊருக்குப் போனால் அப்பா இங்கே தனியாக இருப்பார் என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

சித்தப்பாவின் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். இருபது டிகிரிக்குக் குறையக் கூடாது என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. தெர்மாமீட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு இடம் இடமாக வைத்துப் பார்த்தேன். வராந்தா 17. அரிசி டின்னுக்குப் பின்னால் 18. அடுப்பு மேடை 31, ஆனால் அடுப்பு அணைந்ததும் 19. சனிக்கிழமை மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது தெர்மாமீட்டரையும் தூக்குவாளிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஃபேக்டரிக்குள் எதையும் வைக்க முடியாது. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று, பூ வைத்துக்கொண்டு வருகிற பெண்களைக்கூட வாசலில் நிறுத்துபவர் அப்பா. எருமண் தகரத்தை அவர் எப்படி விடுவார்? ஆனால் தேயிலை காய்வதற்குச் சூடு அனுப்பும் விறகு அடுப்பு, கட்டடத்துக்கு வெளியே தனிக் கொட்டகையில் இருந்தது. அதன் சன்னலோரம் 24. கால் மணி நேரம் நின்று பார்த்தேன். 24தான்.

அடுப்பைப் பார்த்துக்கொண்ட அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் விறகைப் போட்டுவிட்டுத் திரும்பி, “இங்கன வையி, தாயி. ராத்திரியும் கங்கு அணையாது. ஒங்கப்பா மூக்குக்கு மட்டும் தெரிஞ்சிரப்புடாது” என்றார். அன்று சாயங்காலமே தகர மூடியை அங்கே கொண்டுபோய் வைத்தேன்.

ஆறாம் நாள், செப்டம்பர் 28, வெள்ளிக்கிழமை, அதில் பச்சையாக இருபத்து மூன்று புள்ளிகள். நான் எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னால் அப்பா நின்றார்.

“யாரு அண்ணாச்சி இத இங்கன வச்சது?”

“ஒங்க மவதான் ஐயா. நீங்க டீத்தூளுக்குப் பாக்குத டிகிரிய அது வெதைக்குப் பாத்திருக்கு.”

அப்பா குனிந்து முகர்ந்தார். பிறகு அவரும் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். இருபத்து மூன்றுதான். நாற்றுகள் நான்கு இலை விடும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று உத்தரவு போட்டார், தானே கண்டுபிடித்த இடம்போல.

ஆறு நாற்றுகள் தண்டு அழுகிச் செத்தன. பதினேழு வீட்டுக்கு வந்தன. ஐப்பசி மழைக்கு அப்பா ஓலைத் தட்டி கட்டிக்கொடுத்தார். டிசம்பர் தொடக்கத்தில் முதல் சிவப்பு தெரிந்தது. இருபதாம் தேதிக்குள் பனிக்குள்ளும் கண்ணைப் பறிக்கிற சிவப்பு, பதினேழு செடியிலும்.

டிசம்பர் 22, சனிக்கிழமை, துரையம்மா வந்தார். எங்கள் வேலியோரம் வெகுநேரம் நின்று, விதையிலிருந்து வளர்த்தது யார் என்று கேட்டார். அம்மா என்னை முன்னால் தள்ளி, “எம் மவ” என்றார். கோப்பை என் கையில் வந்தது. கனமாக இருந்தது. கொட்டகை அண்ணாச்சி தூரத்தில் நின்று கைதட்டினார். அத்தை மட்டும் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வேலியோரம் வந்து, “வெத எடுத்தா எனக்கும் ஒரு சிட்டிகை தாட்டி” என்றார்.

“தாரேன் மதினி” என்றார் அம்மா.

அன்று வீட்டில் கோழிக் குழம்பு. ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. அரைப்பரீட்சை முந்தின நாள்தான் முடிந்திருந்தது. ஊருக்குப் போகிறோமா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் விடிந்ததுமே அம்மா கத்தரியோடு தோட்டத்தில் இறங்கியிருந்தார். பதினேழு செடியின் பூக்கதிர்களையும் ஒன்று விடாமல் அடியோடு வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அழுதேன். போகிறவர் போகும்போது பூவையும் விட்டுவைக்கவில்லை என்று நினைத்தேன். வெட்டிவிட்டால் ஆறு வாரத்தில் மறுபடி பூக்கும் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பூவைப் பார்க்க இங்கேயே இருக்கப் போகிறவர்தான் இந்தப் பூவை வெட்டுவார் என்பதும்.