ரத்தினபாயின் முருங்கை

அந்த இடம் வந்ததும் ரத்தினபாய் தலையைக் குனிந்துகொள்வாள். தலைக்கு மேலே கிளையும் இல்லை, கொடியும் இல்லை, வெறும் வானம். பூவாளியோடு துளசிப் பாத்தியைச் சுற்றிக்கொண்டு வந்து, அங்கே சற்றுக் குனிந்து, வலது காலை உயர்த்தி வைத்து எதையோ தாண்டுவாள். சுருக்கு வழி ஒன்று இருக்கவே இருக்கிறது, அதில் போகமாட்டாள். ஏதோ வேண்டுதல் போல என்று தோட்டத்துக்கு வரும் மற்ற தன்னார்வலர்கள் பேசிக்கொள்வார்கள். வேண்டுதலாவது, ஒன்றாவது! அங்கேதான் அவள் வீட்டு வாசல் இருந்தது. நிலை தாழ்வான வாசல், குனியாமல் போனால் நெற்றி வீங்கிவிடும்.

திருநீர்மலை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரை ஓரம் இருக்கிறது அந்தத் தாவரத் தோட்டம். சில வருஷங்களுக்கு முன்பு அந்தக் கரையில் இருந்த வீடுகளையெல்லாம் ஆக்கிரமிப்பு என்று ஒரே பகலில் இடித்துத் தள்ளினார்கள். எதிரே உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் அனுமதி வாங்கி, வேலி போட்டு, மூலிகையும் மரமுமாக வைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை உண்டு. ரத்தினபாய் வீட்டுக்குப் பின்னால் நின்ற முருங்கை மட்டும் எப்படியோ ஜேசிபிக்குத் தப்பியிருந்தது. அதற்கும் ஒரு பலகை அடித்து வைத்தார்கள்.

அந்த முருங்கைப் போத்தைக் குன்றத்தூரிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து நட்டவன் அவள் புருஷன் வில்பிரட். பெயின்டர். இடித்த வீட்டுக்குப் பதிலாக ஊருக்கு வெளியே ஏழாவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். அங்கே ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். லிஃப்ட் ஓடவில்லை. பாவி மனுஷனைப் போர்வையில் போட்டுப் படிப்படியாக இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் ஆன சில நாளிலேயே ரத்தினபாய் இரண்டு பஸ் மாறித் தோட்டத்துக்கு வந்து நின்றாள். "தண்ணி ஊத்த ஆளு வேணும்னு போர்டு மாட்டிகீறீங்களே, நான் வரட்டா? துட்டெல்லாம் வேணாம்." வீடு எங்கே என்று கேட்டார்கள். "இங்கதாம்மா, பக்கத்துல" என்றாள். அதைப் பொய் என்றுதான் எப்படிச் சொல்வது?

செடிகளிடம் அவள் வாய் சும்மா இருக்காது. வாடிக் கிடந்தால், "இன்னாடி, மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற? ராத்திரி எவன் இன்னா சொன்னான்?" என்று ஆரம்பித்துவிடுவாள். ஜெயஸ்ரீ பேசும்போது மட்டும் மூச்சு விடமாட்டாள். தன்னார்வலர்களைக் கட்டி மேய்ப்பவள் ஜெயஸ்ரீ, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண், நல்ல பெண்தான்; ரத்தினபாய்க்கென்று பிளாஸ்கில் காபி கொண்டுவருவாள். புதிதாக யார் வந்தாலும் அவள் சொல்வது இது: "முன்னாடி இங்க ஃபுல்லா என்க்ரோச்மென்ட்டுங்க. எங்க அசோசியேஷன்தான் பெட்டிஷன் மேல பெட்டிஷன் போட்டு க்ளியர் பண்ண வெச்சாங்க." ரத்தினபாய் பூவாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். தானும் அந்தக் கும்பல்தான் என்று தெரிந்தால் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று அவளுக்கு பயம். அப்புறம் அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்காரக்கூட முடியாது.

மழை விட்டதும் முருங்கையில் கம்பளிப்பூச்சி அடையும். யாரும் வருவதற்கு முன்னால் வந்து, கம்பில் துணி சுற்றிப் பந்தம் கொளுத்தி, அவற்றைச் சுட்டுத் தள்ளிவிடுவது அவள் வழக்கம். இந்த வருஷம் பார்த்து விஷக்காய்ச்சல் அவளைப் படுக்கையில் போட்டுவிட்டது. எழுந்து வந்தபோது அடிமரமே தெரியாத அளவுக்குப் பூச்சி. அதற்குள் ஜெயஸ்ரீயின் மகள் தமிழினி விளையாடப் போய் அதில் சாய்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் தடித்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கச் செயலாளர் ஜெயகிருஷ்ணன் எல்லோரையும் தோட்டத்தில் கூட்டினார். "மரத்த எடுத்துடலாம்னு நினைக்கிறோம். நீங்கதான் இங்க ரொம்ப நாளா வர்றீங்க ரத்தினபாய். நீங்க சொல்லுங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இது என் வீட்டுக்காரர் வைத்த மரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜெயஸ்ரீயாவது மனம் இரங்குவாள். ஆனால் உங்கள் மரம் இங்கே எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வருமே! அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தையின் கையில் தடிப்பு இன்னும் வற்றவில்லை. ரத்தினபாய் அந்தக் கையை எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"கொயந்த ஒடம்பு வீங்கிப் போய் கீது சார். வெட்டிடுங்க" என்றாள்.

முருங்கையை அறுக்க எவ்வளவு நேரம் ஆகும்? மெஷின் வைத்த கொஞ்ச நேரத்தில் சாய்ந்துவிட்டது. காயையும் கீரையையும் ஆளுக்கு ஒரு கட்டாகப் பிரித்துக்கொண்டார்கள். "அக்கா, இது உங்க வீட்டுக்கு" என்று ஜெயஸ்ரீ ஒரு கட்டை நீட்டினாள்.

"வேணாம்மா. வூட்ல துன்றதுக்கு யாரும் இல்ல."

இத்தனை நாள் பழகியும் அது ஜெயஸ்ரீக்குத் தெரியாது. கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

முருங்கை லேசில் சாகாது, விட்டால் பக்கத்தில் துளிர்க்கும் என்று ஜெயகிருஷ்ணன் வேரைக் கருக்கும் மருந்து வாங்கி வைத்திருந்தார். அறுத்த ஆள் அடிக்கட்டையில் வரிசையாகத் துளை போட்டுவிட்டு மருந்து டப்பாவைத் திறந்தான்.

"என்கிட்ட குடுப்பா. நீ ஊத்தாத" என்றாள் ரத்தினபாய்.

அவன் கொடுத்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டையின் பக்கத்தில் குந்தினாள். ஒவ்வொரு துளையாக, அவசரப்படாமல் ஊற்றினாள். கடைசித் துளை நிரம்பி, ஒரு கோடு பட்டை ஓரமாக வழிந்தது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, படுத்த படுக்கையாய்க் கிடப்பவருக்கு வாயோரம் துடைத்துவிடுவதுபோல், முந்தானையால் அதை மெல்ல ஒற்றி எடுத்தாள்.