கம்பிக்கதவு எழுத்து

நேற்று மாட்டுங்கா ஸ்டேஷன் படிக்கட்டில் எனக்கு முன்னால் போன பையனின் கறுப்பு டி-ஷர்ட் முதுகில் அந்த எழுத்தைப் பார்த்தேன். அத்தை கடையின் எழுத்து.

மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் வீட்டு முன்னறையில் அத்தை இட்லிக் கடை போட்டபோது எனக்கு ஒன்பது வயது. மாமாவோடு வாழ்ந்தது போதும் என்று, சுனாபட்டி வீட்டிலிருந்து இட்லிக் கொப்பரையோடு வந்திருந்தாள். கடைப் பலகையில் தன் பெயர்தான் இருக்க வேண்டும் என்று மாமா ஆள் விட்டுச் சொன்னார். அத்தை பெயிண்டரைக் கூப்பிட்டாள்.

பெயிண்டர் விரித்த மாதிரித் தாளில் ஆங்கில எழுத்துகள் பல சாயலில் இருந்தன. அத்தை விரல் வைத்தது ஆகத் தடித்த ஒன்றின் மேல். நேர்க்கோடுகள் கம்பிக்கதவு போல நெருக்கியடித்து நிற்கும், வளைய வேண்டிய இடத்தில் உளியால் வெட்டியதுபோல ஒடியும், முனைகளில் முள். இங்கிலீஷ் செய்தித்தாளின் பெயரிலும், சர்ச் கல்யாணப் பத்திரிகையிலும், எனக்குக் கிடைத்த வேதபாடச் சான்றிதழிலும் அதுதான். இட்லிக்கு அதை யாரும் எழுதி நான் கண்டதில்லை.

"யாராலயும் வாசிக்க முடியாதுக்கா" என்றார் அப்பா.

"எனக்கு எல்லா இங்கிலீசும் இப்படித்தாம்ல இருக்கு. திடமா இருக்கத எழுதச் சொல்லு. வாசிக்கத் தெரியாதவன் மோந்து பாத்து வரட்டும்."

பலகை ஏறிய ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த கூட்டத்தோடு மாமாவும் வந்து நின்றார்.

"ஏட்டி, எவம் பேரு போட்டிருக்க? எம் பேரு இல்லன்னா இப்பமே பிடுங்கிருவேன்."

அத்தை கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "எட்டாங் கிளாஸ் பாஸுன்னு பீத்துவீரே. வாசியும். வாசிச்சிட்டுப் பிடுங்கும்."

மாமா நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். தன் பெயராகவே இருந்துவிட்டால்? பிடுங்கவும் முடியவில்லை, தெரியவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. "அண்ணாச்சி, தலகீழா நின்னு பாரும்" என்று சட்னிக்கு நின்றவர் சொன்னதும் சந்தே சிரித்தது.

உதவலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அத்தை அதில் ஒரு முழு இட்லியைத் திணித்தாள். நான் மென்று விழுங்குவதற்குள் மாமா தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

"இப்ப வாசிட்டி. சத்தமா."

வாசித்தேன். அத்தையின் பெயர் மட்டும்.

"முன்னால பின்னால வேற ஒண்ணும் இல்லல்லா?"

"இல்ல அத்தை."

"அப்பம் இன்னொரு தடவ வாசி."

பெயிண்டர் தப்பாக எழுதிவிட்டாரோ என்று சரிபார்க்கிறாள் என்றே நினைத்தேன். அதனால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டி, எதிர்வரிசை வீடுகளுக்கும் கேட்கும்படி கத்தி வாசித்தேன். ஒரு தப்பும் இல்லை என்று உறுதியும் சொன்னேன்.

"பின்ன, இருக்குமா?" என்றாள் அத்தை.