ஷிஃப்ட் பஸ் வந்து நிற்கும் நேரம்

எத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்தால் ஒரு மென்பொருள் படுத்துவிடும் என்று முன்கூட்டியே படுக்கவைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. லோட் டெஸ்டிங் என்பார்கள். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

கதவு திறக்காது

கீரனூர் பக்கம் ஒரு நூற்பாலை. வருகைப்பதிவுக்குப் புதிய செயலி. வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வாலுக்குப் பின்னால், ஆலைக்குள் மட்டுமே ஓடும். வாசலில் கார்டைக் காட்டினால் பெயர் பதிவாகும். ஷிஃப்ட் தொடங்கிய பிறகு பதிவானால் அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

திருச்சியில் உட்கார்ந்தபடியே சோதித்துவிடலாம் என்று, ஃபயர்வாலில் ஒரு வழி விடச் சொல்லி ஆலையின் ஐ.டி. பொறுப்பாளர் முருகேசனிடம் போனில் கேட்டேன்.

"ஒங்களுக்குத் தொறந்தா ஊருக்கே தொறந்த மாதிரி சார். லேப்டாப்பைத் தூக்கிட்டு நீங்களே இங்கிட்டு வந்துருங்க."

பக்கத்து நாற்காலி

போனேன். முருகேசனுக்குப் பக்கத்திலேயே இடம். இல்லாத பணியாளர்களை உருவாக்கி, கூட்டமாகக் கார்டு காட்டவைத்தேன். அத்தனையும் ஒரே லேப்டாப்பிலிருந்து போனதால் ஃபயர்வால் என்னைத் திருடன் என்று முடிவுகட்டித் தடுத்துவிட்டது. முருகேசனின் திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. அவர் பதறிப்போய் மேனேஜருக்குப் போன் போட்டார்: "யாரோ நம்ம சர்வரை அடிக்கிறான் சார்! உள்ளதான் இருக்கான்!"

நான் மெதுவாகக் கையைத் தூக்கினேன். அவர் போனைக் கீழே வைத்தார்.

"நீங்கதானா? சொல்லிட்டு அடிக்கக் கூடாதா சார்?"

வாசல்

முருகேசன் என் லேப்டாப்புக்கு விலக்குக் கொடுத்தார். பணியாளர்கள் அரைமணி நேரத்தில் பரவலாக வருவார்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்த கணக்குப்படி சோதித்தேன், செயலி தேறியது. திங்கட்கிழமையே தொடங்குவதாக முடிவானது.

மறுநாள் கீரனூரிலிருந்து ஆலையின் ஷிஃப்ட் பஸ்ஸிலேயே வந்தேன். பக்கத்து சீட்டில் நூற்புப் பிரிவு மகேஸ்வரி அக்கா. "டிராபிக்ல நின்னுட்டா எங்க பாடு ஓட்டம்தான் தம்பி" என்றார். ஆலை வாசலில் பார்த்தால், நாலா பக்கமிருந்தும் பஸ்கள் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. எல்லோரும் ஓடுகிறார்கள். நேரே போய் லேப்டாப்பைத் திறந்தேன். அத்தனை பேரும் ஒரே நிமிடத்தில் வருவதுபோல் மறுபடி சோதித்தேன். செயலி அப்படியே உறைந்தது.

மேனேஜர் நம்பவில்லை. வாதாடாமல், மதிய ஷிஃப்டுக்கு அவரை வாசலுக்கு அழைத்துப்போனேன். பஸ்கள் வந்தன. கூட்டம் வழிவிடாமல் அவரைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்தது. அது வடிந்ததும் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"திங்கக்கிழமை வேணாம். சரி பண்ணிட்டே ஆரம்பிப்போம்."

தொடக்க நாள்

செயலியை எழுதியவர்கள் திருத்திக் கொடுத்தார்கள். விடாமல் சோதித்து, தாங்குகிறது என்று தெரிந்த பிறகே கையெழுத்துப் போட்டேன். இருந்தாலும் தொடக்க நாளன்று வாசலில் போய் நின்றேன். பஸ்கள் வந்தன. மகேஸ்வரி அக்கா கார்டைக் காட்டினார். ஒரு சத்தம், பெயர், அவ்வளவுதான். பின்னால் வந்தவர்களும் நிற்காமல் உள்ளே போனார்கள். அக்கா திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கா தம்பி இம்புட்டு நாளா வந்துட்டிருந்தீங்க? ஒண்ணுமே நடக்கலையே!"

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்பதை என் மேலதிகாரிக்குப் புரியவைக்க மட்டும் இன்னும் ஒரு சோதனைமுறை கிடைக்கவில்லை.