கூட்டு ஆய்வுக்குப் போன மெஷின்

பண்ணைக்காட்டில் பஸ் நிற்கிற இடத்துக்குக் கீழே பாவா லேத் பட்டறை வைத்திருந்தார். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷின் எந்தத் தோட்டத்தில் மக்கர் பண்ணினாலும் ஜீப் அனுப்பி அவரைத்தான் கூட்டிப் போவார்கள். மழை தவறிய வருடங்களில் பழம் சிறுத்துப் போகும். பெரிய பழத்துக்கு மெஷினைச் சரிபண்ணினால் சின்னது உரியாது. சின்னதுக்கு வைத்தால் பெரிய பழத்தின் கொட்டை நசுங்கும். இதற்கு வழி தேடி ஆறு வருடம் வெட்டியும் ராவியும் பற்றவைத்தும் பார்த்தார். கடைசியில் மொபெட் கிளட்ச் ஸ்பிரிங்குகளைப் போட்டு ஒரு சின்ன மெஷின் செய்தார். பழத்தின் அளவுக்கு அதுவே விலகிக்கொடுத்தது. நாச்சிமுத்து தோட்டத்தில் ஓட்டிக்காட்டிய அன்றே நாலு பேர் தங்களுக்கும் வேண்டுமென்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் புதுச் சட்டம் வந்தது. அரசு ஆய்வு நிலையங்கள் சிறுதொழில்காரர்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது சட்டம். கீழே சமவெளியில் இருந்த ஒரு நிலையத்திலிருந்து ஜோதிமணி என்ற விஞ்ஞானி மலையேறி வந்தார். தரையில் குத்தவைத்து உட்கார்ந்து தன் கையாலேயே பழத்தை அள்ளிப் போட்டுப் பார்த்தார்.

"சேர்ந்து சோதிச்சு சான்று வாங்கிட்டா இது நாடு பூரா போகும் பாய்" என்றார்.

ஒப்பந்தத்தை பாவாவின் மனைவி ரபியா படித்தார். ஆய்வு முடியும்வரை இதைச் செய்து வெளியே விற்கக்கூடாது என்று ஒரு வரி இருந்தது.

"எத்தனை நாளைக்குங்க?"

"ஆறு மாசந்தாங்க."

பாவா எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். மெஷின் லாரி ஏறியது. கேட்டிருந்த நாலு பேரையும் அடுத்த அறுவடைவரை பொறுக்கச் சொன்னார்.

ஜோதிமணி அடிக்கடி போன் பண்ணி, ஸ்பிரிங்கை ஏன் சாய்த்து வைத்தீர்கள் என்பதுபோல ஏதாவது கேட்பார். படித்தவர் ஒருவர் தன் கைவேலையைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வது பாவாவுக்குப் புதிது. ஐந்தாம் மாதம் ஜோதிமணியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு போனே வரவில்லை.

இரண்டு அறுவடை போயிற்று. தோட்டக்காரர்கள் கம்பெனி மெஷின் வாங்கினார்கள். பழுது பார்க்கவும் கம்பெனி ஆளே வந்தான்.

"செஞ்சு வித்தா என்ன பண்ணிருவாங்க?" என்று ரபியா ஒருநாள் கேட்டார்.

"கவர்மென்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன் ரபியா."

மூன்றாம் வருடம் வெள்ளனே பஸ் ஏறி நிலையத்துக்குப் போனார். இப்போதைய அதிகாரி சிவமுருகன் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு ஆண்டறிக்கையைப் பிரித்துக் காட்டினார். வெற்றிகரமாக முடிந்த கூட்டு ஆய்வுகள் என்ற தலைப்பின்கீழ் பாவாவின் மெஷின் படம் இருந்தது.

"முடிஞ்சிருச்சுன்னு போட்டிருக்கே. அப்ப நான் செஞ்சு விக்கலாம்லங்க?"

"அது அறிக்கைக்குங்க. ஒப்பந்தத்தைக் குழு கூடித்தான் முடிக்கணும்."

"எப்பக் கூடும்?"

"குழுவுல சிறுதொழில்காரர் ஒருத்தர் இருக்கணும்னு சட்டம். இன்னும் யாரையும் போடல."

"மெஷினையாவது குடுங்க சார்."

"அரசுச் சொத்துப் பதிவேட்டுல ஏத்தியாச்சு பாய். நான் குடுக்க முடியாது."

பார்க்க மட்டும் விட்டார்கள். கொட்டகை மூலையில் சிமெண்ட் மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. சோதனைக்காகக் கழற்றிய ஸ்பிரிங்குகளை யாரும் திரும்ப மாட்டவில்லை. உருளை துருவேறியிருந்தது. கொஞ்சம் எண்ணெய் கிடைக்குமா என்று பாவா கேட்டார். தொடக்கூடாது என்றார் காவலாளி. பாவா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தார்.

லேத் விற்றுப்போயிற்று. இப்போது கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் கீசர் பார்க்கும் வேலை. போன மாதம் கடைவீதியில் தோட்டக்காரர் நாச்சிமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்கும் தெரியாம எனக்கு மட்டும் ஒண்ணு செஞ்சு குடுங்க பாய். யார் வந்து கேக்கப் போறா?"

வேலைக்கு நேரமாச்சு என்று பாவா கையை விடுவித்துக்கொண்டார். அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது ரபியாவிடம், "பயம் ஒண்ணும் இல்ல. செய்யணும்ங்கிற நெனப்பே வரமாட்டேங்குது" என்றார். ரபியா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.